அம்மாவுக்கு இல்லம் தேடுகிறேன்: ஒரு குடும்பம் வீட்டோடு நடத்தும் இடம் சரிப்படுமா? (திருச்சி, தஞ்சாவூர் பக்கம்)

திருவையாறு மகள் | ஞாயிறு, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. திருவையாற்றில் தனியாகத்தான் இருந்தார். போன ஆவணியில் கொல்லைப் பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்தார்கள். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். பாத்ரூம் போக ஒரு ஆள் துணை வேண்டும்.

பெங்களூரில் என் வீட்டில் நான்கு மாதம் வைத்திருந்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நானும் அவரும் வேலைக்குப் போனால் காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது போதாதென்று "மக வீட்டுல எத்தனை நாளைக்கு உக்காந்து சாப்பிடுறது" என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிடுவார். தம்பி சென்னையில் இருக்கிறான். ஊர் வீட்டை மூன்று வருடம் முன்பு அம்மா அவன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவனும் வேலைக்கு ஆள் வைத்துப் பார்த்தான். ஐந்து மாதத்தில் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள்.

இரண்டு இடம் பார்த்தேன். ஒன்று பெரியது. லிஃப்ட், பிசியோதெரபி அறை, கேமரா எல்லாம் இருக்கிறது. ஆஸ்பத்திரி மாதிரி நீள வராந்தா. இன்னொன்று திருச்சிக்குக் கொஞ்சம் வெளியே ஒரு வீடு. மாடியில் அந்தக் குடும்பம், கீழே வயதான பெண்கள் மட்டும் பதினொரு பேர். நாங்கள் போனபோது ஒரு பாட்டி முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண் குழந்தை இன்னொரு பாட்டியின் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. காரில் ஏறிய பிறகு, "இங்க தாளிக்கிற வாசனை வருதுடி" என்றார்.

எனக்கும் அந்த வீடுதான் பிடித்தது. ஆனால் அங்கே டாக்டர் கிடையாது, வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறாராம். மாமா, "குடும்பம் நடத்துறதுன்னா நாளைக்கே மூடிட்டுப் போயிடுவாங்க" என்கிறார். என்ன விசாரிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 11.25

வாசனையை நம்பி முடிவு எடுக்காதீர்கள், சகோதரி. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

என் சித்தியை இப்படி ஒரு இடத்தில்தான் விட்டோம். பெயர், ஊர் வேண்டாம். கணவன் மனைவி நடத்தினார்கள். நாங்கள் சேர்த்தபோது எட்டுப் பேர். நல்ல மாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். கட்டணம் கட்டக்கூடியவர்கள் வரிசையில் நிற்க, இரண்டு வருடத்தில் எட்டு இருபத்திரண்டு ஆகிவிட்டது. அதே இரண்டு பாத்ரூம். அதே மூன்று ஆயாக்கள். ஹாலில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு நாற்காலி போட இடமில்லை.

மாதம் ஒரு ஞாயிறு பார்க்கப் போவோம். பவுடர் போட்டு, சுத்தமான நைட்டியில் உட்கார வைத்திருப்பார்கள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் நர்ஸ் திருப்பிப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். எலும்பு தெரிந்தது. அப்புறம் மூன்று வாரம்தான் இருந்தார்.

இன்னொன்றும் மனதை விட்டுப் போகவில்லை. சித்திக்கு முழங்கால் வரை முடி. 74 வயதிலும் பின்னிப் போட்டிருப்பார். சேர்த்த இரண்டாம் மாதமே பேன் தொல்லை என்று ஒட்ட வெட்டிவிட்டார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். சித்தி அதன் பிறகு எங்கள் முன்னால் முந்தானையைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை.

அந்த இடம் பதிவே செய்யப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முதலில் அதைக் கேளுங்கள்.

---

பதினான்கு கட்டில் | திங்கள், காலை 5.50

காவிரிக்கரை அண்ணா, உங்கள் சித்திக்கு நடந்ததைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். திருச்சி பக்கம்தான். நீங்கள் பார்த்த வீடு எங்களுடையது இல்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்ல முடியும்.

என் மாமியார் இதைத் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர்கள், ஒரு கல்யாணத்துக்காகத் தங்கள் பாட்டியைப் பத்து நாள் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பாட்டி மூன்று வருடம் இருந்தார். அப்படித்தான் வளர்ந்தது. இப்போது பதினான்கு பேர். குறைந்த வயது 66, அதிக வயது 93. நான்கு பேர் படுக்கையில்.

ஏன் பதினான்கு என்று எல்லோரும் கேட்பார்கள். இரவு விளக்கு அணைப்பதற்கு முன் மாமியார் ஒவ்வொரு கட்டிலிலும் போய் இரண்டு நிமிடம் உட்காருவார். காலைப் பிடித்துப் பார்ப்பார், வீக்கம் இருக்கிறதா என்று. சாப்பிட்டாயா, வெளிக்குப் போனாயா, யார் போன் பண்ணினார்கள் என்று கேட்பார். பதினான்கு பேருக்கு அரை மணி நேரம் தாண்டிவிடும். அதற்கு மேல் ஒரு கட்டில் போட்டால் யாரோ ஒருவரைப் பார்க்காமல் படுக்க வேண்டிவரும். அதனால் அத்தோடு நிறுத்திவிட்டார். உங்கள் சித்தி இருந்த இடம் எட்டிலிருந்து இருபத்திரண்டு ஆனபோதே எல்லாம் முடிந்துவிட்டது அண்ணா.

எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே உலை. தனிச் சமையல் கிடையாது. காலை ஐந்தேகாலுக்குக் காபி, ஏழரைக்கு இட்லி அல்லது நொய்க்கஞ்சி, பன்னிரண்டே காலுக்குச் சாதம். சாதம் மட்டும் இரண்டு பதம், ஒன்று சாதாரணமாக, இன்னொன்று குழைய. விழுங்க முடியாத இருவருக்கு மிக்ஸியில் ஒரு சுற்று. பாதிப் பேருக்குப் பிரஷர் இருப்பதால் உப்பு குறைவு. என் பிள்ளைகள் அந்த ருசியில்தான் வளர்கிறார்கள்.

முடி விஷயம் சொல்லியே ஆகவேண்டும். நாங்கள் வெட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை தலைக்கு மட்டும் எண்ணெய். உடம்புக்குத் தேய்த்தால் பாத்ரூம் தரை வழுக்கும், அதனால் அதை நிறுத்திவிட்டோம். நாற்காலியில் உட்கார வைத்துத்தான் குளியல். அப்புறம் மதியம் தலை உலர்ந்ததும் ஒரு அக்கா வரிசையாகப் பின்னிவிடுவார். மெல்லிய எலிவால் பின்னல்தான். ஆனாலும் கண்ணாடி கேட்டுப் பார்ப்பார்கள். பேன் வந்தால் மருந்து போட்டுச் சீப்பால் வாரிவிட வேண்டியதுதான். அதற்கு நேரம் எடுக்கும், ஆனால் நடக்காத காரியம் இல்லை.

நைட்டி பற்றியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு நைட்டிதான் வசதி, மறுக்கவில்லை. நடக்கிறவர்களில் பலர் நைட்டியோடு இன்னொருவர் முன்னால் நின்றதே கிடையாது. மேலே ஒரு துண்டு போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்கள். ஒரு ரிட்டயர்ட் டீச்சர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கொசுவத்தைத் தைத்து ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்த சேலை தயார் செய்தோம். இப்போது ஐந்து பேர் அதைக் கட்டுகிறார்கள்.

கேட்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவது: எத்தனை பேருக்கு எத்தனை ஆயா, முக்கியமாக இரவில் எத்தனை பேர். எங்களிடம் பகலில் மூன்று, இரவில் இரண்டு, அது போக நாங்கள். பொங்கல், தீபாவளிக்கு ஆயாக்கள் ஊருக்குப் போகும்போது யார் செய்வது என்று கேளுங்கள். "நாங்களே" என்று சொன்னால், எப்படி என்றும் கேளுங்கள். வீட்டு ஆண்கள் எப்போது உள்ளே வருவார்கள் என்பதையும் கூச்சப்படாமல் கேட்கலாம். பெண்கள் மட்டும் இருக்கும் இடம் அல்லவா. எங்கள் வீட்டில் என் கணவர் ஒரு பாட்டியைத் தூக்க வேண்டுமானாலும் ஒரு அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும். இரவு எட்டுக்கு மேல் அவர் கீழே வருவதென்றால் நாங்கள் கூப்பிட்டால்தான்.

இங்கே பேர் போட்டு எழுதவில்லை, விளம்பரமாகிவிடக் கூடாது. இடமும் காலி இல்லை.

---

மதுரை மீனாட்சிபுரம் | திங்கள், காலை 9.10

எல்லாம் சரி. பெற்ற தாயைக் காசு கொடுத்து ஒருவரிடம் விடுவதை இவ்வளவு சாதாரணமாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. வீட்டை வாங்கிக்கொண்ட தம்பி எங்கே? அவரைக் கேட்க வேண்டாமா?

---

நைட் டூட்டி சிஸ்டர் | திங்கள், மதியம் 2.30

மதுரைக்காரருக்கு: ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். பூட்டிய வீட்டுக்குள், பிளாஸ்கில் காபியும் டப்பாவில் சாதமும் வைத்துவிட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போன வீடுகளிலிருந்து வந்த அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளும் பாசம் இல்லாதவர்கள் இல்லை. இந்தத் தங்கை இடம் தேடி அலைவதே அக்கறைதான். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல் அறுபது வயது தாண்டியவர்கள், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். அதிலும் கணவர் போன பிறகு பல வருடம் தனியாக இருப்பவர்கள் பெண்களே. இது ஒரு வீட்டுக் கதை இல்லை.

பெண்களுக்கென்று இல்லம் நடத்துவதும் நமக்குப் புதிது இல்லை. சென்னையில் சாவித்திரி வைத்தி அம்மா ஆதரவற்ற வயதான பெண்களுக்காக விஸ்ராந்தியை 1978இல் தொடங்கினார். அதே வருடம்தான் டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவை ஆரம்பித்தார். வயதானவர்களுக்கு வரும் நோயின் முகமே வேறு என்று அங்கிருந்து வந்தவர்கள்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் வீட்டோடு இல்லை என்பது பெரிய குறை இல்லை. அன்றாடம் பார்க்கிற கண் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

தண்ணீரில் ஆரம்பிக்கிறேன். வயதான பெண்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். தாகம் தெரிவது குறைந்துவிடும். அதோடு, இரவில் எழுந்து போக வேண்டுமே, யாரை எழுப்புவது என்ற பயம். இருமினால் சொட்டுச் சொட்டாகப் போகும், கர்ப்பப்பை இறங்கியிருக்கும். நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாமல் துணியை மடித்து வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் நான் கேட்டபோது முதல் தடவையாகச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் கிருமி சேரும். வயதானவர்களுக்கு அப்போது காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமலே போகலாம். திடீரென்று பேச்சு மாறும். செத்துப்போன அண்ணன் வாசலில் நிற்கிறார் என்பார்கள். பெண்ணைப் பார்த்து யார் நீ என்பார்கள். "வயசாச்சு, மறதி வந்துடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். ஓரிரு நாளில் ஒருவர் மாறினால் உடம்பில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். சிறுநீர், ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, மலச்சிக்கல் எல்லாவற்றையும் அன்றைக்கே பார்க்க வேண்டும். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதனால் அந்த வீட்டில், "எப்போது தண்ணீர் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். "கேட்டால் கொடுப்போம்" என்றால் போதாது. காலையிலிருந்து மாலை ஆறு மணி வரை நேரம் வைத்துக் கையில் கொடுத்துக் குடிக்க வைத்து, அதற்கு மேல் குறைத்துக்கொள்ள வேண்டும். நீர்மோர், ரசம், கஞ்சி எல்லாமே கணக்கில் சேரும். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் மட்டும் டாக்டர் சொன்ன அளவு.

அடுத்து தூக்க மாத்திரை. இரவில் யாரும் எழக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் கொடுக்கும் இடங்கள் உண்டு. பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். பாதிப் பேர் தலை தொங்கத் தூங்கினால் யோசியுங்கள். அந்த மயக்கத்தில் எழுந்து நடந்தால்தான் விழுவார்கள். உங்கள் அம்மா ஏற்கெனவே ஒரு பக்கம் முறிந்தவர், எலும்பு பலவீனத்துக்கு மருந்து ஆரம்பித்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டு அதை மறந்துவிடுவது நிறைய நடக்கிறது.

படுக்கைப் புண். காவிரிக்கரை தம்பி, அந்தப் புண் ஒரே நாளில் வந்திருக்காது. முதலில் சிவந்திருக்கும். விரலால் அழுத்தினால் வெளுக்காது. அப்போதே பார்த்திருந்தால் நின்றிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், காற்று மெத்தை போட்டிருந்தாலும். புரட்டிய நேரத்தை எழுதி வைக்கும் நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பார்க்கப் போகும்போது நீங்களே போர்வையை விலக்கி இடுப்பு, குதிகால், காதின் பின்புறம் பாருங்கள். மகளுக்கு அதில் கூச்சம் வேண்டாம். நல்ல இடமாக இருந்தால் கோபப்படமாட்டார்கள்.

---

பழைய கோட்டாட்சி | திங்கள், மாலை 6.15

கோட்டாட்சியர் அலுவலகத்தில் இந்த மனுக்களைக் கையாண்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, உங்கள் தாயார் தம் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்க அவசியம் இல்லை. இப்போதைய உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். அதில் குறை இருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு.

வீட்டைப் பொறுத்தவரை, பிரிவு 23. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுத்து, பிறகு பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுத்தில் இருக்கிறதா என்பதுதான் பெரும்பாலும் சிக்கல். இந்தச் சட்டத்தை முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. இனி எழுதிக் கொடுக்கப்போகிறவர்கள் அந்த ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் அம்மா, நான் பார்த்த வரை, மகன் மேல் மனுப் போடத் தாய்மார்கள் சம்மதிப்பது அரிது. கையெழுத்துப் போட வந்துவிட்டு, மகன் வெயிலில் நிற்கிறானே என்று மனுவைத் திருப்பி வாங்கிப் போனவர்கள் உண்டு. முதலில் தம்பியிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லி, மாதாமாதம் எவ்வளவு என்று பேசிப் பாருங்கள்.

இல்லம் பதிவாகியிருக்கிறதா என்பதை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் தெரியும். முதியோருக்கு எங்கே கொடுமை நடந்தாலும், எந்த உதவி என்றாலும் 14567 என்ற எண்ணில் கூப்பிடலாம். காவிரிக்கரை, நீங்கள் சொன்ன இடம் இன்னும் நடக்கிறது என்றால் தயவுசெய்து புகார் கொடுங்கள். அங்கே இன்னும் இருபத்தொரு பேர் இருப்பார்கள்.

---

காவிரிக்கரை | திங்கள், இரவு 9.00

ஐயா, அது இப்போது இல்லை. மூடிவிட்டார்கள். நாங்கள் அன்றைக்கே புகார் கொடுத்திருக்க வேண்டும். சாவு வீட்டுத் துக்கத்தில் விட்டுவிட்டோம், அந்தக் குறை எனக்கு உண்டு.

பதினான்கு கட்டில் தங்கைக்கு: அந்த இரண்டு நிமிடக் கணக்கைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், "எத்தனை பேரோடு நிறுத்துவீர்கள்?" என்று. யாருமே கேட்கவில்லை.

திருவையாறு சகோதரி, சொல்லாமல் போய்ப் பாருங்கள். மாலை ஏழு மணிக்கு. அந்த நேரத்தில்தான் எல்லோரும் களைத்திருப்பார்கள், ஆயாக்களும்.

---

திருவையாறு மகள் | செவ்வாய், இரவு 11.10

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அழுதுகொண்டேதான் படித்தேன். எலும்புக்கு மருந்து ஆரம்பிக்கவே இல்லை சிஸ்டர், நாளை டாக்டரைக் கேட்கிறேன்.

இன்னும் சில சந்தேகம். அம்மா காதில் வைரத்தோடு, கழுத்தில் மூன்று பவுன் சங்கிலி. கழற்ற மாட்டேன் என்கிறார். அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வருகிறது, ஏ.டி.எம். கார்டை இல்லத்தில் கொடுக்கலாமா? அப்புறம், அந்த வீடு சைவம் மட்டும். அம்மாவுக்கு வாரம் ஒரு நாளாவது மீன் வேண்டும். காவிரிக் கரையிலேயே வளர்ந்தவர். இது சின்ன விஷயமா, பெரிய விஷயமா என்றே தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. கேட்கவே வாய் வரவில்லை. ஒருநாள் அம்மா அங்கேயே போய்விட்டால் என்ன செய்வார்கள்?

---

பதினான்கு கட்டில் | புதன், மதியம் 3.20

எல்லோரும் தூங்குகிறார்கள், இப்போதுதான் நேரம் கிடைத்தது.

நகை: தோட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். வெறும் காதோடு இருப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும். வைரத்துக்குப் பதில் அதே மாதிரி கல் வைத்த சின்னத் தங்கத்தோடு வாங்கி, அம்மாவே மாற்றிக்கொள்ளும்படி பேசுங்கள். சங்கிலியை அவர் கையாலேயே பேத்திக்குக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். "கழற்று" என்றால் வராதது "பேத்திக்குக் குடு" என்றால் வரும். மிச்சம் உடம்பில் இருப்பதைப் போட்டோ எடுத்து, எடையோடு எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லத்துக்கும் பாதுகாப்பு. ஒரு தோடு காணாமல் போனால் முதலில் சந்தேகம் விழுவது ஆயாக்கள் மேல்தான். எங்கள் வீட்டில் ஒருமுறை இரண்டு நாள் தேடி, கடைசியில் தலையணை உறைக்குள் கிடைத்தது. அதற்குள் அந்த அக்கா வேலையை விட்டுப் போகத் தயாராகிவிட்டார்.

கார்டு: கொடுக்கவே கூடாது. நல்ல இல்லமாக இருந்தால் வாங்கவும் மாட்டார்கள். கட்டணத்தை வங்கி மூலம் அனுப்பி ரசீது வாங்குங்கள். ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்றுக்கு அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம், தபால்காரரே கைரேகைக் கருவியோடு வந்து 70 ரூபாய்க்குப் பதிந்து தருவார். ரேகை தேய்ந்தவர்களுக்கு முகம் வைத்தும் செய்யலாம்.

மீன்: பெரிய விஷயம்தான். எங்கள் வீட்டிலும் சைவம்தான் சமைக்கிறோம். பதினான்கு பேரில் ஆறு பேருக்கு மீன் வாசனையே ஆகாது. ஆனால் இரண்டு அம்மாக்களுக்கு மகள்கள் ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொண்டுவருவார்கள், பின் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆரம்பத்தில் என் மாமியாருக்கு அதில் சங்கடம் இருந்தது. ஒரு பாட்டி மூன்று மாதமாகச் சாப்பாட்டைப் பாதியில் வைத்து மெலிந்துபோனார். காரணம் புரிந்ததும் மாமியாரே ஒத்துக்கொண்டார். முன்கூட்டியே கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு அவர் முடிவுக்கு விடுங்கள்.

கடைசிக் கேள்வி. சேர்க்கும் அன்றே பேசிவிட வேண்டிய விஷயம் அது. எங்கள் படிவத்தில் கேட்டு எழுதியிருக்கிறோம்: மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் வைக்கலாமா, இல்லை, வலி தெரியாமல் இங்கேயே பார்த்துக்கொண்டால் போதுமா? முடிந்தால் அந்த அம்மாவையே கேட்போம். நிறையப் பேர் தெளிவாகவே சொல்வார்கள். நடந்துவிட்டால் வாரம் வந்து பார்க்கும் டாக்டரை வரவழைத்துச் சான்று வாங்குகிறோம், ஐஸ் பெட்டி சொல்லிவிடுகிறோம். இறந்த இடத்தில்தான் பதிய வேண்டும், 21 நாளுக்குள். எங்களுடையது ஊராட்சிப் பகுதி என்பதால் கிராம நிர்வாக அலுவலரிடம். உறவினர் யாரும் வராத மூன்று பேருக்கு என் கணவர்தான் ஓயாமாரி சுடுகாட்டில் கொள்ளி வைத்தார்.

அன்றைக்கு மற்ற பாட்டிகளிடம் மறைப்பதில்லை. மறைத்தாலும் தெரிந்துவிடும், வெற்றுக் கட்டில் சொல்லிவிடும். வாசலில் வைத்து, நடக்க முடிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். குளிக்க வெந்நீர் போடுவோம். அன்று காபி கொஞ்சம் தாமதமாகும், யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்கள் மாமா சொன்னது தவறு இல்லை. எல்லாம் ஒரு ஆள் தலையில் இருக்கிறது. போன வருடம் என் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. எந்தப் பாட்டிக்கு எந்த மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டும், யாருக்கு இருட்டில் பயம், யார் மகன் வெள்ளிக்கிழமை மட்டும் பேசுவான் என்பதெல்லாம் அவர் மனதில் இருந்தது, எங்கும் எழுதவில்லை. ஒரு மாதம் தடுமாறினேன். இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. "உங்களுக்கு முடியாமல் போனால் யார்?" என்று கேட்டுவிடுங்கள். மூடுவதாக இருந்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்வீர்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

---

திருவையாறு மகள் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு

அந்த வீட்டிலேயே சேர்த்துவிட்டோம். மாலை ஏழுக்குச் சொல்லாமல் போனேன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, ஒரு அம்மாவுக்கு ஆயா சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார், அவசரம் இல்லாமல். அது போதும் என்று தோன்றியது. பதிவுச் சான்று பார்த்தேன். பன்னிரண்டோடு நிறுத்துவார்களாம், அம்மா பன்னிரண்டாவது. எலும்பு மருந்தும் ஆரம்பித்தாகிவிட்டது. மீனுக்கு, இல்லம் நடத்தும் அந்த வீட்டு அக்கா ஒரு நாள் யோசித்துவிட்டு, வெளியிலிருந்து வந்தால் மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்.

முதல் நான்கு நாள் அம்மா போனில் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினார், பக்கத்துக் கட்டில் அம்மா ஃபேனை நிறுத்திவிடுகிறார் என்று ஒரே புகார். பதினாறாம் நாள் அந்த அக்கா கூப்பிட்டார். அம்மா அதிகாலையில் எழுந்து, அப்பாவுக்கு டிபன் கட்ட வேண்டும் என்று அடுப்படியைத் தேடினாராம். எனக்குக் கை நடுங்கியது. சிஸ்டர் எழுதியதுதான் ஞாபகம் வந்தது, "சிறுநீர் டெஸ்ட்" என்றேன். "காலையிலயே குடுத்தாச்சும்மா" என்றார். கிருமிதான். ஐந்து நாள் மருந்தில் தெளிந்துவிட்டார். தம்பி மாதம் 10,000 அனுப்புகிறான், மனு எதுவும் போடாமல்.

நேற்று பேசும்போது, "வை, கீரை ஆயணும்" என்று அம்மாவே போனை வைத்துவிட்டார்.

பதினான்கு கட்டில் அக்கா, அந்தத் தைத்த சேலைக்கு அளவு சொல்லுங்கள். அம்மா நைட்டி வேண்டாம் என்கிறார். அடுத்த சனிக்கிழமை கொண்டுபோக வேண்டும்.

---

பதினான்கு கட்டில் | ஞாயிறு, இரவு 9.45

புதுச் சேலை வேண்டாம், நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலை எடுங்கள். அவருடையதாகவே இருக்கட்டும். இடுப்புச் சுற்றளவோடு எட்டு விரல் கூட்டி இரண்டு விரல் அகலப் பட்டி. கொசுவத்தை மடித்து மேலே மட்டும் பட்டியில் தைத்துவிடுங்கள், கீழே தைக்க வேண்டாம். ஒட்டுப்பட்டை முன்பக்கம் இடது ஓரமாக வரட்டும், பின்னால் வைத்தால் படுக்கும்போது உறுத்தும். கீழ்விளிம்பு கணுக்காலுக்கு மூன்று விரல் மேலே நிற்க வேண்டும், வாக்கர் காலில் சிக்கக் கூடாது. முந்தானையைச் சாதாரணமாக விட்டுவிடுங்கள், அதை அவரே போட்டுக்கொள்வார். ஆபரேஷன் செய்தது எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள், இடது என்றால் பட்டையை வலது பக்கம் மாற்றித் தைக்க வேண்டும்.